காங்கோவின் கொடுமையைக் கண்டவர் காங்கோ மக்களைக் கண்டாரா? – கான்ராடும் அச்செபெயும்

நெல்லை_வாசகர்:

ஜோசஃப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்’ குறுநாவலை முதுகலை வகுப்பில் நடத்தும் போதெல்லாம் மாணவர்களிடையே ஒரே வாதம் எழுகிறது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவில் நடத்திய கொள்ளையை ஐரோப்பிய வாசகர்களின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்ன நூல் அது என்றும், அதை எழுதியவரையே இனவெறியர் என்பது அநியாயம் என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். மற்றவர்கள் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபெயின் பக்கம் நிற்கிறார்கள். 1975 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அச்செபெ ஆற்றிய உரைதான் இந்த வாதத்தின் ஊற்று. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அது ஆறவில்லை.

அச்செபெ சொன்னது என்ன என்பதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். கான்ராட் லியோபோல்டை ஆதரித்தார் என்று அவர் சொல்லவில்லை. ஓர் ஐரோப்பியனின் மனம் சிதைவதைக் காட்டுவதற்கு ஒரு கண்டம் முழுவதையும் பின்திரையாக்கி, அங்கே வாழும் மக்களை மனிதர் என்ற கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது அந்த நூல் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அதற்கு அவர் காட்டும் சான்றுகள் பிரதிக்குள்ளேயே இருக்கின்றன. கதை முழுவதிலும் ஆப்பிரிக்கர்களுக்குப் புரியும்படியான பேச்சு இரண்டே இடங்களில்தான் கொடுக்கப்படுகிறது. ஒன்று, கரையில் இருப்பவர்களைப் பிடித்துக் கொடுத்தால் தின்போம் என்று கப்பல் ஊழியர்கள் சொல்லும் இடம். மற்றொன்று, உள்நாட்டில் தந்தம் சேர்க்கும் ஐரோப்பிய முகவனான குர்ட்ஸ் இறந்துவிட்டான் என்று ஒரு பணியாள் வந்து அறிவிக்கும் இடம். மற்ற இடங்களில் கூச்சலும் முணுமுணுப்பும் உருளும் கண்களும் ஓடும் கால்களும் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன. கரையில் நிற்கும் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு ஒரு சொல்கூட இல்லை. ஐரோப்பாவில் காத்திருக்கும் குர்ட்ஸின் மணப்பெண்ணுக்கோ பக்கம் பக்கமாகப் பேச்சு உண்டு.

இங்கு நான் கேட்க விரும்புவது இதுதான். ஒரு கொடுமையை எதிர்ப்பதும், அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களை நமக்கு நிகரான மனிதர்களாகக் காண்பதும் ஒரே செயலா, வெவ்வேறு செயல்களா? என் கருத்து, அவை வெவ்வேறானவை என்பது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கோடைமழை:

நல்ல இழை, அய்யா. ஆனால் நான் கான்ராடின் பக்கமே நிற்கிறேன், காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கதையைச் சொல்வது கான்ராட் அல்ல, மார்லோ என்ற மாலுமிப் பாத்திரம். அந்த மார்லோ சொல்வதையும் தேம்ஸ் நதியில் நங்கூரமிட்ட படகில் அமர்ந்திருக்கும் வேறொருவர் கேட்டு நமக்குச் சொல்கிறார். இப்படி இரண்டு திரைகளுக்குப் பின்னால் நிற்கும் ஆசிரியரிடம் பாத்திரத்தின் மொழிக்குக் கணக்குக் கேட்பது முறையாகாது. இரண்டாவது, கான்ராட் பேரரசின் அடியைத் தானே வாங்கியவர். ரஷ்ய ஆட்சியின் கீழிருந்த போலந்துக் குடும்பத்தில் 1857இல் பிறந்தார். விடுதலைக்காகப் பாடுபட்ட அவருடைய தந்தை வட ரஷ்யாவின் வோலக்தாவுக்கு நாடு கடத்தப்பட்டபோது, சிறுவனான கான்ராடும் உடன் சென்றார். மூன்றாவது, தின்பதாகச் சொல்லும் அதே கப்பல் ஊழியர்கள் பட்டினி கிடந்தும் எவரையும் தொடாமல் அடக்கத்தோடு இருப்பதை மார்லோ வியந்து பேசுகிறான். தந்தத்துக்காக நாக்கைத் தொங்கப்போட்டு அலையும் வெள்ளையர்களிடம் இல்லாத அடக்கம் அது என்பதைப் பிரதி உணர்த்துகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூல் பத்திரிகையில் வெளிவந்தது 1899இல். அந்தக் காலத்து ஐரோப்பியர் எவரும் இதைவிட மேலாக எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இன்றைய அளவுகோலை அன்றைய மனிதர் மீது வைப்பது வரலாற்று உணர்வு ஆகாது.

புதுவாசகி:

நான் அச்செபெயின் ‘சிதைவுகள்’ நாவலைத் தமிழில் படித்திருக்கிறேன், கான்ராடைப் படித்ததில்லை. லியோபோல்ட் காங்கோவில் செய்தது என்ன என்பதை யாராவது கொஞ்சம் விரித்துச் சொன்னால், இந்த விவாதத்தைப் பின்தொடர எனக்கு உதவியாக இருக்கும்.

ஆன்ட்வெர்ப்வாசி:

பெல்ஜியத்தில் குடியேறி வாழ்பவன் என்ற முறையில் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. 1884–85இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிடுவதற்கான விதிகளை வகுத்தன. அதையொட்டி, பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கும் மேற்பட்ட பரப்புள்ள காங்கோ, பெல்ஜிய அரசின் காலனியாகக்கூட அல்லாமல் லியோபோல்ட் என்ற ஒரு தனிமனிதரின் சொத்தாக ஆனது. அவர் ஒருமுறைகூட அங்கே கால் வைத்ததில்லை. முதலில் யானைத் தந்தம். சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் காற்றடைத்த டயர் வந்த பிறகு காட்டு ரப்பர். ஒவ்வொரு ஊரும் இவ்வளவு ரப்பர் கொண்டுவர வேண்டும் என்று அளவு விதித்தார்கள். ஆண்கள் காட்டுக்குள் போய்த் திரும்பும் வரை பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். அளவு குறைந்தால் படை வந்தது. சுட்ட தோட்டா வீணாகவில்லை என்று மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டுவதற்காக, வெட்டப்பட்ட வலது கைகளைச் சிப்பாய்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொலை, பட்டினி, நோய் எல்லாம் சேர்ந்து மக்கள்தொகையை இலட்சக்கணக்கில் சரித்தன. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1908இல் பெல்ஜிய அரசு காங்கோவை மன்னரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

நான் வாழும் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில்தான் எட்மண்ட் மோரெல் என்ற கப்பல் நிறுவன எழுத்தர் ஒரு கணக்கைக் கவனித்தார். காங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் ரப்பரையும் தந்தத்தையும் நிறைய இறக்கின. திரும்பிப் போகும் கப்பல்களிலோ விற்பனைச் சரக்கு மிகக் குறைவாகவும் துப்பாக்கியும் தோட்டாவும் அதிகமாகவும் இருந்தன. கூலி கொடுக்காமல் ஒரு நாட்டையே அடிமையாக வைத்திருந்தால் மட்டுமே இது நடக்கும் என்று அவர் உணர்ந்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரப் போராட்டத்தில் இறங்கினார்.

இதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கான்ராட் இந்தக் கதையை எழுதுவதற்குச் சற்று முன்னால், 1897இல், பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் ஒரு பகுதியாக டெர்வூரென் பூங்காவில் 267 காங்கோ மக்களைக் கொண்டுவந்து, மாதிரிக் கிராமங்களில் வேடிக்கைப் பொருளாக வைத்தார்கள். அவர்களில் ஏழு பேர் இங்கேயே இறந்துபோனார்கள். அவர்களுடைய கல்லறைகள் டெர்வூரென் தேவாலயத்தின் ஓரத்தில் இன்றும் இருக்கின்றன. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்தக் காங்கோ மக்களை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கொடுமைக்காரர்களின் கூட்டம் அல்ல. குழந்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்த சாதாரணக் குடும்பங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவதற்கு ஏதும் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கான்ராடின் கதையில் கரையோரம் நிற்கும் கூட்டத்தைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு அந்த வேலிதான் நினைவுக்கு வருகிறது.

செங்காந்தள்:

கோடைமழை அவர்களின் கடைசி வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் மற்ற வாதங்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அந்தக் காலத்தில் இதைவிட மேலாகப் பார்த்திருக்க முடியாது என்கிறீர்கள். பார்த்தவர் ஒருவர் இருந்தார். கான்ராட் காங்கோவில் கப்பல் பணியில் இருந்த அதே 1890ஆம் ஆண்டில், அதே நதியில் இருந்தார்.

ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்பது அவர் பெயர். அமெரிக்கக் கறுப்பினத்தவர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சிப்பாயாக இருந்தவர், பின்னர் போதகராகவும் ஒஹையோ சட்டமன்ற உறுப்பினராகவும் வரலாற்றாசிரியராகவும் ஆனவர். லியோபோல்டின் நல்லெண்ணப் பேச்சை நம்பியே அவர் காங்கோவுக்குப் போனார். நேரில் பார்த்துத் திடுக்கிட்டு, 1890 ஜூலை 18 என்று தேதியிட்டு, காங்கோ நதியின் மேல்பகுதியில் உள்ள ஸ்டான்லி அருவியிலிருந்து மன்னருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கான்ராட் பணியாற்றிய நீராவிக் கப்பல் அதே ஸ்டான்லி அருவியை அடைந்தது 1890 செப்டம்பர் முதல் நாளில். இடைவெளி ஆறு வாரம் மட்டுமே.

வில்லியம்ஸ் அந்த மடலில் பன்னிரண்டு குற்றச்சாட்டுகளை வரிசையாக வைக்கிறார். ஊர்த்தலைவர்களை எப்படி ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கினார்கள், சிப்பாய்கள் உணவுக்காக ஊர்களை எப்படிச் சூறையாடினார்கள், பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையெல்லாம் சொல்கிறார். அவருடைய எழுத்தில் காங்கோ மக்கள் உரிமையுள்ளவர்களாகவும், ஏமாற்றப்பட்டவர்களாகவும், நீதி கேட்கத் தகுந்தவர்களாகவும் வருகிறார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், லியோபோல்டின் அரசு மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களைச் செய்வதாக அவர் எழுதினார். நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணைக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் எழுதப்பட்டது அது. மறு ஆண்டே இங்கிலாந்தில் நோயுற்று இறந்தார். அவரை எளிதில் மறந்தும்விட்டார்கள்.

இன்னொருவர் வில்லியம் ஷெப்பர்ட். இவரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர்தான். கிறித்தவ ஊழியராக 1890இல் காங்கோ சென்றவர். காங்கோவின் உள்நாட்டில் வாழும் கூபா என்ற இனத்தவரின் மொழியைக் கற்றுக்கொண்டு, வெளியார் நுழையக் கூடாது என்றிருந்த அவர்களுடைய தலைநகருக்கு 1892இல் சென்றார். அவர்களுடைய நெசவையும் மரவேலையையும் அரசவை முறைகளையும் வியந்து பதிவு செய்தார். 1899இல், கான்ராடின் கதை பத்திரிகையில் வந்த அதே ஆண்டில், ஒரு முகாமில் நெருப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருந்த வலது கைகளை எண்ணி எண்பத்தொன்று என்று எழுதியவரும் அவரே. பின்னர் ரப்பர் நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கில் நீதிமன்றத்தில் நின்று விடுதலை பெற்றார்.

ஆகவே ‘அந்தக் காலம்’ என்று நாம் சொல்லும்போது யாருடைய காலத்தைச் சொல்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. வில்லியம்ஸும் ஷெப்பர்டும் அந்தக் காலத்தவர்களே. கைகளை இழந்தவர்களும் அந்தக் காலத்தவர்களே. காலத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்கும்போது இவர்கள் எல்லோரையும் காலத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறோம். இது என்னை மிகவும் வருத்துகிறது.

நெல்லை_வாசகர்:

செங்காந்தள் சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். மார்லோ அந்த நதியில் மேலேறிச் செல்வதை உலகின் ஆதிகாலத்துக்குத் திரும்புவதாக விவரிக்கிறான். கான்ராட் மட்டாடி என்ற துறைமுக ஊரிலிருந்து கின்ஷாசா வரை நடந்து சென்ற நிலம் கொங்கோ மொழி பேசும் மக்களின் நிலம். அவர்களுடைய அரசர் முதலாம் அஃபோன்சோ, அடிமை வணிகம் தம் நாட்டை வெறுமையாக்குகிறது என்று கண்டித்து, 1526இல் போர்ச்சுகல் மன்னருக்குக் கடிதம் எழுதினார். எழுத்தும் அரசும் தூதும் வழக்கும் இருந்த இடம் அது. அதன் மேல் பகுதியில் போபாங்கி வணிகர்கள் நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்குப் படகுகளில் தந்தம் கொண்டுபோய் விற்றார்கள். ஸ்டான்லி அருவியிலோ ஸன்ஸிபாரைச் சேர்ந்த தந்த, அடிமை வணிகர் திப்பு திப்பின் ஆட்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தார்கள். அச்செபெ தம் உரையில் ஃபாங் மக்களின் முகமூடியை நினைவூட்டுவதும் இதற்காகவே. மார்லோவின் கண்ணுக்கு வரலாறே இல்லாத நிலமாகத் தெரிந்த பகுதிக்குச் சற்று வடக்கே செதுக்கப்பட்ட அந்த முகமூடியைப் பார்த்து, பிக்காசோவும் மட்டீஸும் திகைத்தார்கள்; ஐரோப்பிய ஓவியமே அதனால் திரும்பியது.

கோடைமழை:

வில்லியம்ஸைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அந்த மடலை இனிமேல்தான் தேடிப் படிக்க வேண்டும். இருந்தாலும் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

மடல் வேறு, புனைவு வேறு. வில்லியம்ஸ் வழக்குரைக்கிறார், கான்ராட் ஒரு மனத்தின் இருட்டை எழுதுகிறார். மார்லோவுக்குக் கொங்கோ மொழி தெரியாது. தெரியாத மொழியில் பேசுபவர்களின் பேச்சு அவன் காதில் ஓசையாகத்தான் விழும். அதை ஓசையாகவே எழுதியது நேர்மை என்றுகூடச் சொல்லலாம். அடுத்து, கான்ராட் எழுதியதோடு நின்றுவிடவில்லை. மட்டாடியில் அவரோடு பழகிய ரோஜர் கேஸ்மென்ட் பின்னாளில் பிரிட்டிஷ் தூதராகக் காங்கோவின் கொடுமைகளை விசாரித்தபோது, 1903 டிசம்பரில் அவருக்கு ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இயக்கத்தில் நேரடியாக இறங்கவில்லை என்பது உண்மை; ஆனாலும் கடிதம் பயன்பட்டது. மோரெலும் அந்தக் கதையை மிக உயர்வாக மதித்தார். காங்கோ மக்களுக்காகவே வாழ்க்கையைக் கொடுத்த மனிதரின் மதிப்பீட்டைவிட நம்முடைய மதிப்பீடு பெரிதா?

செங்காந்தள்:

மோரெலை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. இழையைத் தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான விடை வேறு கிடையாது.

காங்கோவுக்காகப் பத்தாண்டுகளுக்கும் மேல் போராடிய அதே மோரெல், முதல் உலகப் போருக்குப் பிறகு 1920இல், ஜெர்மனியின் ரைன் பகுதியை ஆக்கிரமித்திருந்த பிரெஞ்சுப் படையில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இருப்பதை எதிர்த்து எழுதினார். எப்படி எழுதினார் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. கறுப்பினச் சிப்பாய்கள் கட்டுக்கடங்காத காமம் கொண்டவர்கள் என்றும் வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்து என்றும் லண்டனின் இடதுசாரி நாளேட்டில் எழுதினார். பிறகு அதைத் துண்டுநூலாகவும் வெளியிட்டார். அது பல மொழிகளில் பரவியது. ஜமைக்காவில் பிறந்த கவிஞர் கிளாட் மெக்கே அப்போது லண்டனில் இருந்தார். அந்த நாளேடு அவருடைய மறுப்பை வெளியிட மறுத்தது. பெண்ணுரிமைப் போராளி சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் நடத்திய இதழில்தான் அது வெளிவந்தது.

ஒரே மனிதர், ஒரே பேனா. காங்கோவில் கை வெட்டப்பட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்களாக, தொலைவில், பேசாமல் இருந்தவரை மோரெலின் இரக்கம் பொங்கியது. அதே நிறத்து மனிதன் சீருடை அணிந்து ஐரோப்பிய வீதியில் நிமிர்ந்து நடந்தபோது, அந்த இரக்கத்துக்கு அடியில் கிடந்த தப்பெண்ணம் வெளியே வந்தது. இரக்கம் பொய்யல்ல. ஆனால் இரக்கம் இருந்ததால் தப்பெண்ணம் அழிந்துவிடவில்லை. கான்ராடின் நூலில் அச்செபெ கண்டதும் இதுவே.

மார்லோவுக்கு மொழி தெரியாது என்பதற்கும் ஒரு சொல். மார்லோவுக்குத் தெரியாமல் இருக்கலாம், நூலுக்குத் தெரிந்திருக்கலாம். சொல்பவனின் குறையை வாசகருக்கு உணர்த்துவதற்கு எழுத்தாளனிடம் வழிகள் உண்டு. வெள்ளை வணிகர்களின் பேராசையைக் காட்டும்போது கான்ராட் அந்த வழிகள் எல்லாவற்றையும் அபாரமாகப் பயன்படுத்துகிறார். கறுப்பு மனிதர்களை விவரிக்கும்போது மட்டும் மார்லோவின் பார்வையைத் திருத்தும் வேறொரு பார்வையை நூலில் எங்கேயும் வைக்கவில்லை. இதைச் சுட்டியவரும் அச்செபெதான்.

ஆனைமலை:

ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஐரோப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 2017 மார்ச்சில் தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் காணாமல் போனான். அண்டை வீட்டில் தங்கியிருந்த நைஜீரிய மாணவர்கள் அவனைத் தின்றுவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தவர்கள் சந்தேகப்பட்டு, வீட்டுக்குள் நுழைந்து குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தேடினார்கள். பையன் வீடு திரும்பினான். ஆனால் விரைவிலேயே இறந்துபோனான். பிடிக்கப்பட்ட மாணவர்கள் ஆதாரம் இல்லாததால் விடுவிக்கப்பட்டார்கள். அதன் பிறகு, வணிக வளாகத்தில் கண்ணில் பட்ட ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் நாற்காலிகளாலும் குப்பைத்தொட்டிகளாலும் அடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில், தில்லியில் பிரெஞ்சு மொழி கற்பித்து வந்த ஓர் இளைஞர், ஆட்டோ பிடிப்பதில் எழுந்த தகராறில் அடித்தே கொல்லப்பட்டார். அவர் காங்கோவைச் சேர்ந்தவர்.

மனிதரைத் தின்பவர்கள் என்ற எண்ணம் நம் ஊர் மக்களுக்கு எங்கிருந்து வந்தது? அந்தத் தெருவில் எவரும் ஓர் ஆப்பிரிக்கரோடு உட்கார்ந்து பேசியிருக்கமாட்டார்கள். காமிக்ஸும் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளும்தான் கொடுத்திருக்க வேண்டும். எலும்பு மாலையும் கொதிக்கும் அண்டாவும் வைத்து நம் திரையில் எத்தனை முறை சிரிக்க வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

கோடைமழை:

ஆனைமலை சொன்ன நிகழ்ச்சிகள் என்னையும் கலங்க வைக்கின்றன. எனினும் நொய்டாவின் கும்பலில் எவரும் கான்ராடைப் படித்திருக்கமாட்டார்கள். அந்தப் பழியை ஒரு நூலின் மேல் சுமத்துவது சரியல்ல என்பதில் உறுதியாக இருக்கிறேன். அந்த நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதையும் எதிர்ப்பேன்.

நெல்லை_வாசகர்:

நீக்க வேண்டும் என்று இங்கே எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். பழி சுமத்துவதும் நோக்கமல்ல. நொய்டாவின் கும்பலும் மார்லோவின் கப்பலும் ஒரே பழைய கதையிலிருந்து எடுத்துக்கொண்டவை என்று மட்டுமே சொல்கிறேன். அந்தக் கதைக்கு உலகின் மிகச் சிறந்த உரைநடையாளர்களில் ஒருவர் தம் கலையின் வலிமையைக் கொடுத்திருக்கிறார். நூல் மோசமாக எழுதப்பட்டிருந்தால் அச்செபெ அதைப் பொருட்படுத்தியிருக்கவே மாட்டார்.

எங்கள் வகுப்பில் இதுவரை கான்ராடை முதலில் படித்து, கடைசி வாரத்தில் அச்செபெயின் உரையை இணைப்பாகப் படிப்பது வழக்கமாக இருந்தது. அதனால் காங்கோ மக்கள் மாணவர்களின் மனத்துக்குள் முதலில் மார்லோவின் கண் வழியாகவே நுழைந்தார்கள்; பிறகு வரும் மறுப்பு மறுப்பாகவே நின்றுவிட்டது. வரும் பருவத்தில் வில்லியம்ஸின் மடலை முதல் வாரத்தில் வைக்கப் போகிறேன். ஸ்டான்லி அருவியில் ஏமாற்றப்பட்ட ஊர்த்தலைவர்களை முதலில் சந்தித்துவிட்டு, அதன் பிறகு மார்லோவின் கப்பலில் ஏறட்டும். அப்போது கரையில் நிற்பவர்கள் ஏன் பேசவில்லை என்ற கேள்வி, நான் கேட்காமலேயே அவர்களுக்கு எழும் என்று நம்புகிறேன்.

செங்காந்தள்:

அந்த மடல் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்த ஆவணம். நீளமும் சில பக்கங்கள்தான். பன்னிரண்டு குற்றச்சாட்டுகளையும் தமிழாக்கி இந்த இழையிலேயே பகுதி பகுதியாக இடுகிறேன். ஆன்ட்வெர்ப்வாசி அவர்களுக்கு நேரம் இருந்தால், ஊர்ப்பெயர்களும் நிர்வாகப் பதவிப் பெயர்களும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆன்ட்வெர்ப்வாசி:

கட்டாயம் பார்த்துத் தருகிறேன். டெர்வூரென் அருங்காட்சியகத்தில் அந்தக் கால வரைபடங்கள் இருக்கின்றன. பழைய ஊர்ப்பெயர்களை அவற்றோடு ஒப்பிட்டுவிடலாம். கோடைமழை அவர்களும் வரைவைப் படித்து மறுப்பு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோடைமழை:

எழுதுகிறேன். முதல் பகுதியை இடுங்கள்.